சீலிங் வைத்த வீடு

புரோக்கர் வீட்டைக் காட்டிய அன்று என் அம்மா தரையைப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை, அடுப்படிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடு அறையில் அண்ணாந்தபடி நின்றுவிட்டாள். மேலே வெள்ளை பெயிண்ட் அடித்த பலகை சீலிங். பிறந்ததிலிருந்து தகரத்தைப் பார்த்தே தூங்கியவளுக்கு அது ஒன்று போதும். “அம்மா சாமி கும்பிடுறாங்களா?” என்று புரோக்கர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அம்மா இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள், அதுதான் லயம். அறையைக் காம்பரா என்பாள். சின்ன வயதில் கப்பலேறி வந்து, பழனி மலைத்தொடரில் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோதும் கிடைத்தது அதே மாதிரி லைன் வீடுதான். நான் பிறந்தது அதில். அங்கே அறைக்கும் அறைக்கும் நடுவிலிருந்த சுவர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிடும், கூரையைத் தொடாது. பக்கத்து அறையில் மேஸ்திரி இருந்தார். நான் அழுதால் அம்மா தொடையில் கிள்ளுவாள். கிள்ளியதற்குச் சத்தம் வரக்கூடாது என்று முந்தானையை என் வாயில் திணிப்பாள். “பக்கத்துல ஆளு இருக்காங்க” என்பாள். அம்மா என்று சொல்லப் பழகுவதற்கு முன்பே சத்தமில்லாமல் அழப் பழகிவிட்டேன்.

கொடைக்கானலில் நாங்கள் வாங்கியதும் வரிசை வீடுதான். எங்களுக்கு வேறு எது கைக்கு எட்டும்? ஒரு துரை தன் பங்களா வேலைக்காரர்களுக்காகக் கட்டிப்போட்ட ஐந்து வீடுகள். நான் இந்த ஊருக்கு வேலைக்கு வந்த புதிதில் அந்தச் சந்தின் முனையில் மேல்மலைப் போளூர் பூண்டு மூட்டைகள் இறங்கும். பக்கத்தில் ஒரு டீக்கடை இருக்கும். இப்போது மூட்டை இறங்கிய இடத்தில் வெளியூர் கார்கள் நிற்கின்றன, டீக்கடையில் கேக் விற்கிறார்கள். குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வத்தலக்குண்டுப் பக்கம் இறங்கிவிட்டார்கள். நான்கு வீடுகள் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. நடுவீடு மட்டும் அண்ணன் தம்பி தகராறில் பூட்டிக் கிடந்ததால் எங்களுக்கு மிஞ்சியது. வேலையிலிருந்து நின்றபோது தோட்டத்தில் கொடுத்த கடைசிப் பணத்தை அம்மா அப்படியே எடுத்துக் கொடுத்தாள். அதனால் பத்திரம் அவள் பேரில்தான். “இது லயமில்ல புள்ள, சீலிங் வச்ச வீடு” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பால் காய்ச்சிய அன்று சாயந்தரம் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். “வைஃபை பாஸ்வேர்டு என்னடா?” என்று யாரோ காதருகில் கேட்டார்கள். அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பிறகு சிரிப்பு, பாட்டில் திறக்கும் சத்தம், ஒரு ஏப்பம். நான் ஸ்டூலைப் போட்டு ஏறி ஒரு பலகையைத் தள்ளி, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். நடுச்சுவர் பலகைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் முடிந்துவிட்டது. அதற்கு மேல் ஐந்து வீட்டுக்கும் ஒரே தகரம், ஒரே இருட்டு, எலிப் புழுக்கை. லைனில் வளர்ந்தவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவர் எங்கே முடிகிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் இரண்டு பேர் கண்ணையும் அந்தச் சீலிங் கட்டிவிட்டது. நான் இறங்கியபோது அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “லயம்” என்றாள். 

சுவரை ஏற்ற வேண்டுமானால் இரண்டு பக்கத்துத் தகரத்தையும் பிரிக்க வேண்டும் என்றார் கொத்தனார். பக்கத்து வீட்டுக்காரர் பெங்களூர்க்காரர், நல்ல தமிழ், அதைவிட நல்ல மரியாதை. சீசன் முடியட்டும் என்றார். கொடைக்கானலில் சீசன் என்றைக்கு முடிந்திருக்கிறது?

அவர் வீட்டைப் பெருக்கி, பெட்ஷீட் மாற்றுவது என் வேலை. ஒருநாள் வாசலில் நிறுத்தினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில அம்மா இருமுறது பெட்ரூமுக்குள்ளயே யாரோ இருமுற மாதிரி இருக்காம். கெஸ்ட்டுங்க கம்ப்ளைன்ட் பண்றாங்க. வீக்கெண்ட் மட்டும் அவங்கள ஆயக்குடிக்கு அனுப்புனா என்ன? சொந்தக்காரங்க இருக்காங்கன்னீங்களே.”

“அது அவங்க வீடு சார். பத்திரம் அவங்க பேர்லதான் கெடக்கு.”

“நான் இல்லன்னு சொல்லலையே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்ல?”

“உங்க கெஸ்ட்டு குடிச்சிட்டு ஆடுறத நாங்க அட்ஜஸ்ட் பண்றோம்ல? அவங்கள ஆயக்குடிக்கு அனுப்புங்க. அந்த ஊரு கொய்யாப்பழத்தத் தின்னுட்டு வரட்டும்.”

நல்ல ஜோக் என்பதுபோலச் சிரித்தார். மறுநாள் பெருக்க வேறொரு பெண் வந்தாள். போனால் போகிறது, எனக்கு மற்ற வீடுகள் இருந்தன.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே சொல்லவா வேண்டும்? அந்தச் சனிக்கிழமை விடியற்காலையில் இருமல் கேட்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு, தேத்தண்ணியோடு உள்ளே போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். துண்டின் நுனியை வாய்க்குள் திணித்திருந்தாள். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. சத்தம் மட்டும் இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. “ஒனக்குக் கூறு இருக்காம்மா? இது ஒன் வீடு. துண்ட எடு.”

“பக்கத்துல ஆளு இருக்காங்கடி.” உதடு மட்டும்தான் அசைந்தது.

“இருக்கட்டும். அவனுக காதுல விழுற மாதிரி இருமு.”

துண்டைப் பிடுங்கி எறிந்தேன். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். எனக்காகத்தான் முயன்றாள் பாவம். வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, உடம்பு வளைந்தது, வெறும் காற்று வந்தது. மறுபடியும் காற்றுதான். எனக்குப் பயமாகிவிட்டது. முதுகைத் தடவி, கீழே கிடந்த துண்டை எடுத்து நானே அவள் கையில் கொடுத்தேன்.

அதன்பிறகு அவளுக்குத் துண்டு தேவைப்படவில்லை. கெஸ்ட் இல்லாத நாளிலும் அப்படித்தான் இருமினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிளம் கேக் கொடுத்து அனுப்பினார். எனக்கு அதைத் தூக்கிச் சாக்கடையில் எறிய வேண்டும்போல இருந்தது. அம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, நல்லாயிருக்கு என்றாள், எனக்கே சரியாகக் கேட்காத மாதிரி.

மே மாதம். வெள்ளனே எழுந்து எங்கள் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு இளம்பெண் காப்பிக் கப்போடு வெளியே வந்தாள். துடைப்பத்தைப் பார்த்து என்னை ஹவுஸ்கீப்பிங் என்று நினைத்திருப்பாள்.

“அக்கா, செம பீஸ்ஃபுல் இந்த இடம். ஒரு சத்தம் இல்ல. இந்த நடுவீடு சும்மா பூட்டியே இருக்கா? விலைக்கு வருமா?”

அம்மா கதவுக்குப் பின்னால் கட்டிலில் விழித்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் பேசியதெல்லாம் அம்மாவுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். ஒரே ஒரு இருமல் வரட்டும் என்று துடைப்பத்தோடு அப்படியே நின்றேன். வரவில்லை.

“ஓனர் நம்பர் இருந்தா குடுங்கக்கா” என்றாள் அந்தப் பெண்.