பிடி அரிசிச் சோறு

நேற்று மதியம் உங்கள் அம்மா பொன்னியையும் ரேஷன் அரிசியையும் கலந்து வடித்துவிட்டாள். நீங்கள் முகம் சுளித்தீர்கள், நான் பேசாமல் சாப்பிட்டேன். ஏனென்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊரில், உலை வைக்குமுன் ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமைதோறும் என் அம்மா அதை வீடு வீடாக வாங்கி, மாதா கோயிலில் சேர்ப்பார்.

அந்த வருடம் எங்கள் வயல் தண்ணீரில் மூழ்கிப் பயிர் அழுகிப்போனது. ஒருநாள் என் தட்டில் குண்டரிசி, சன்ன அரிசி, பச்சரிசி எல்லாம் கலந்து, பாதி குழைந்தும் பாதி விறைத்தும் கிடந்தது. வீடு வீடாக வாங்கிய அரிசிதான் இப்படி இருக்கும். அம்மா அதில் கை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். ஒரு வாரம் அவரையே கவனித்தேன். பாவம் செய்தவர்கள் கோயில் சாமியாரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்காமல் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கக் கூடாது. ஞாயிறு பூசையில் அவர் அதை வாங்கப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டுத்தான் நன்மை வாங்குனியாம்மா?"

"எதுக்குடா, பெரிய சாமியாரே?"

"ஏழைங்க அரிசியத் திருடுனதுக்கு."

அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"திருடலடா. சாமியார்தான் குடுத்தாரு. இந்த வருஷம் ஏழைங்க பட்டியல்ல நம்ம வீடும் இருக்கு."

எழுந்துபோய் அந்த அரிசியை உலைக்கு அளந்தார். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, சனிக்கிழமைக்கான பானையில் போட்டார்.

"நமக்குக் குடுத்ததுலயாம்மா?"

"நம்ம வீட்லயும் உலை வைக்கிறோம்ல" என்றார்.

அன்று நான் ஒரு பருக்கைகூட விடவில்லை. நேற்றும் அப்படித்தான்.