சனிக்கு ஒரு நிலா கூடுதல்

கோளரங்கத்துப் பெயிண்டரைச் சனி பிடித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வாசலை ஒட்டிய கறுப்புச் சுவரில் வளையத்தோடு சனிக் கிரகத்தை வரைந்துவிட்டு இரண்டே நாளில் கிளம்பிவிடலாம் என்றுதான் வந்தார். அப்போதைய இயக்குநர் விடவில்லை. சனிக்கு எத்தனை நிலாவோ அத்தனை வெள்ளைப் பொட்டும் சுவரில் இருந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். அன்றைக்கு ஐம்பத்துச் சொச்சம்.

விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? ஒருதரம் புதிதாக இருபது என்றார்கள், இன்னொருதரம் அறுபதைத் தாண்டினார்கள், கடைசியில் ஒரே மூச்சில் நூற்றிருபத்தெட்டு என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பெயிண்டர் புதிதாகக் கிடைத்ததை மட்டும் எண்ணி வைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கிவிடுவார். பழையதையும் சேர்த்து எண்ண அவருக்கென்ன பைத்தியமா? வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பொட்டுக்கும் ஒரு பூச்சு வெள்ளை கொடுப்பதோடு சரி. இவ்வளவு உழைத்தும் மனிதர் தற்காலிக ஊழியர்தான்.

வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு ஒருவழியாக நகர்ந்தபோது, சரிபார்க்க மூன்று பேர் குழு ஒன்று வந்தது. குச்சியை நீட்டி நீட்டி எண்ணினார்கள். இருநூற்று எழுபத்தைந்து.

"இருநூத்தி எழுபத்திநாலுதானே? இந்த ஒண்ணு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் குழுத் தலைவர்.

"அடுத்த வாரம் கண்டுபிடிச்சிடுவாங்க சார். நாம கொஞ்சம் முன்கூட்டியே வெச்சிருக்கோம்" என்றார் பெயிண்டர்.

யாரும் சிரிக்கவில்லை.

"சாப்பிட்டுட்டு வர்றோம். அதுக்குள்ள பொய் நிலா எதுன்னு பாத்து எடுத்துடுங்க. இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

மனைவி ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி ஒவ்வொரு நிலாவாக நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் அசைந்து கொடுக்கவில்லை. இருநூறைத் தாண்டிய பிறகு ஒன்று மட்டும் விளிம்பில் பொருக்காக எழும்பியது. உள்ளே எட்டிப் பார்த்தார். காக்கை எச்சம்! வருடம் தவறாமல் பூச்சு கொடுத்து அதை நிலாவாக வளர்த்துவிட்டது சாட்சாத் அவரேதான்.

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது இருந்த இடம் உறைத்தது. வளையத்துக்கு மேலே, இடது ஓரம். டிக்கெட் கவுண்ட்டரில் இருந்த பெண்ணைச் சுற்றிச் சுற்றி வந்த காலத்தில், "அந்தக் குண்டு நிலா மட்டும் உனக்காக வெச்சது" என்று அவர் அளந்துவிட்ட பொட்டு அல்லவா அது? அந்தப் பெண்தான் இப்போது கீழே ஏணியைப் பிடித்திருக்கிறாள். பதினேழு வருடமாக அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தினமும் கவுண்ட்டரைத் திறக்கிறாள்.

"என்னங்க, கிடைச்சுதா?"

"ம்... கிடைச்சுது."

அவள் முகம் வாடுவதைப் பார்க்கும் தைரியம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எச்சத்தை உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார். பக்கத்தில் தேமே என்று கிடந்த அசல் நிலா ஒன்றின் மேல் கறுப்புப் பெயிண்டை ஒரே இழுப்பாக இழுத்தார்.

குழு வந்து மறுபடி எண்ணியது. இருநூற்று எழுபத்து நான்கு. கையெழுத்து விழுந்தது.

"எதுங்க அந்தப் பொய் நிலா?" என்றாள் மனைவி. இடத்தைக் காட்டினார்.

"அடப்பாவமே, நம்மளோடதுக்குப் பக்கத்துலயே இருந்திருக்கே! எனக்கு அப்பவே சந்தேகம்தான். அதோட மூஞ்சியே சரியில்ல."

பெயிண்டர் பலமாகத் தலையாட்டினார். எங்கோ சனியைச் சுற்றித் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிலாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். மறுநாள், நிரந்தர ஊழியராக அவர் செய்த முதல் வேலை, காக்கை எச்சத்துக்கு இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுத்தது.