திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டிய சேறு

கம்பளைக்குப் போன எங்கள் நிவாரணக் குழுவில் ஐந்து பேர். எல்லோரும் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடம். வெள்ளம் வடிந்து நான்காம் நாள் காலை, பேராதனையிலிருந்து ஒரு லொறியின் பின்னால் நின்றுகொண்டே போனோம். கையில் மூன்று மம்பட்டி, நான்கு வாளி, ஒரு பதாகை. பதாகை மட்டும் புதிது.

பள்ளிவாசலில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் திறப்பைத் தந்தார்கள். ஆற்றோரத் தெருவில் சின்ன மகளோடு தனியாக இருக்கும் ஒரு தையல்காரப் பெண்ணின் வீடு. அவர் மடவளையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார், மத்தியானம் வந்துவிடுவார், அதற்குள் தையல் மெஷினையும் அலுமாரியையும் தூக்கி வெளியே வைத்தால் போதும் என்றார்கள். போதும் என்று சொன்னால் எனக்குப் போதாது. கேட்ட வேலையைவிடக் கேட்காத வேலையில்தான் எனக்குச் சுறுசுறுப்பு அதிகம்.

உள்ளே முழங்கால் அளவு சேறு. மெஷினையும் அலுமாரியையும் வெளியே வைத்துவிட்டு, சேற்றை அள்ளி அள்ளித் தெருமுனையில் குவித்தோம். சுவரைச் சுற்றி, தண்ணீர் நின்ற உயரத்தில், மண்ணிறக் கோடு ஒன்று ஓடியது. அது என் கண்ணை உறுத்தியது. சவர்க்காரத் தூளும் தும்புத் தூரிகையும் எடுத்து, கோடு இருந்த இடமே தெரியாமல் தேய்த்துக் கழுவினேன்.

தெருவில் மற்ற வீடுகளில் சேறு அப்படியே கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பார் மச்சான், ஒரு கை தந்தா என்ன குறைஞ்சா போவார்?" என்றான் குழுவிலிருந்த யாழ்ப்பாணத்து நண்பன். சோம்பேறித் தெரு என்று நானும் முடிவு கட்டினேன். பிறகு பதாகையை விரித்துப் பிடித்து, பளிச்சென்ற சுவரின் முன்னால் நாற்பது படம் எடுத்தோம்.

அந்தப் பெண் மகளின் கையைப் பிடித்தபடி வந்தார். ஐந்து வயதிருக்கும் பிள்ளை. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அவர் நன்றி சொன்னால் சொல்வதற்கு "பரவால்லக்கா" என்ற பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஜீ.எஸ். வந்து பாத்துட்டுப் போயிட்டாரா மகன்?" என்றார்.

"யாரும் வரலியே அக்கா."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவர் பாக்குற வரைக்கும் சேத்துல கை வைக்கப்படாதே மகன். இன்னைக்குப் பின்னேரம்தானே வாறார்."

ஜீ.எஸ். என்றால் கிராம சேவகர். அவர் நேரில் வந்து, சேற்றையும் சுவர்க்கோட்டையும் பார்த்து எழுதினால்தான் வீடு சேதப் பட்டியலில் ஏறும். பட்டியலில் ஏறாத வீட்டுக்கு ஒரு உதவியும் வராது. தெரு முழுக்கத் தெரிந்திருந்த விஷயம். பக்கத்து வீட்டுக்காரரிடம், ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கெம்பஸ் புள்ளைங்க, தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு நெனச்சேன்."

தொலைபேசிகளைத் தேடினோம். சேற்றோடு ஒரு படம்கூட இல்லை. நாற்பதிலும் வெள்ளைச் சுவரும் எங்கள் பற்களும்தான்.

சேற்றைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று சொன்னது நான்தான். முதல் வாளியைக் கோலம் போடுகிறவன் மாதிரிப் பார்த்துப் பார்த்து ஊற்றினேன். காலையில் அசையாத பக்கத்து வீட்டுக்காரர், "இதுக்குன்னா வாறேன்" என்று மம்பட்டியோடு எழுந்து வந்தார். தரை ஒருவாறு பழைய நிலைக்கு வந்தது. கோடுதான் பிரச்சினை. நெஞ்சு வரை என்றேன் நான். "இல்லையடா, இடுப்புக்கு மேல வரேல்லை" என்றான் நண்பன். இரண்டு மணித்தியாலம் அந்தக் கோட்டைத் தேய்த்தவன் நான், எனக்கே நிச்சயமில்லை.

ஆளுக்கொரு வாளியோடு தர்க்கப்பட்டுக்கொண்டிருந்தபோது கிராம சேவகர் கோப்போடு வந்து நின்றார். கம்பளை முழுக்கச் சேற்றை வெளியே கொட்டுகிறது, நீங்கள் மட்டும் உள்ளே கொண்டுபோகிறீர்களே என்று சிங்களத்தில் கேட்டார். வாயில் வேறு கதை வராததால் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. அவர் வெள்ளைச் சுவரைப் பார்த்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேட்டார்.

அந்தப் பெண் எழுந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்து பின்னறை மூலைக்குப் போனார். சுவரோடு முதுகை ஒட்டி நின்று மகளைத் தோளில் ஏற்றினார். யாரும் சொல்லாமலே பிள்ளை இரண்டு கைகளாலும் உம்மாவின் நெற்றியை இறுகப் பிடித்துக்கொண்டது.

"போட் வாற வரைக்கும் இப்படித்தான் நின்னேன்" என்று நாடிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "தண்ணி இங்க."

கிராம சேவகர் அந்தக் கையின் உயரத்தில் பென்சிலால் சுவரில் ஒரு கோடு போட்டு, அளந்து, கோப்பில் எழுதி, கையெழுத்து வாங்கினார். வீடு பட்டியலில் ஏறியது. கோடு என் நெஞ்சளவுக்குத்தான் இருந்தது. நான் சொன்னது சரி. சரியாகச் சொன்னதற்காக அவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அவர் போனதும், "இனி அள்ளுங்க மகன்" என்றார் அந்தப் பெண். மகளை இறக்கிவிடக் குனிந்தார். பிள்ளை காலை மடக்கிக்கொண்டு கழுத்தை விடவில்லை. நாங்கள் கொண்டுவந்து கொட்டிய சேற்றைக் கடைசி வாளி வரை அள்ளி, தரை தெரிகிற வரைக்கும் அது உம்மாவின் தோளிலேயே இருந்தது.