மல்லாட்டை மூட்டைக்குள் மலைப் புத்தகம்

எங்கள் வீட்டில் மலை ஏறியவர்கள் யாரும் இல்லை. செஞ்சிக் கோட்டைக்குப் போனால்கூடப் பாதிப் படியில் உட்கார்ந்து புளிசோறு தின்றுவிட்டு இறங்கி வருகிற பரம்பரை. அதில் என் மாமா மட்டும் எப்படி வந்து பிறந்தாரோ தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரே தம்பி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை, எங்களோடுதான் சாப்பாடு. வருடத்துக்கு ஒரு முறை லீவு போட்டுவிட்டு இமயமலைப் பக்கம் போவார். நாங்கள் பெயர்கூடக் கேள்விப்படாத ஏதாவது ஒரு சிகரத்தில் ஏறிவிட்டு, மூக்குத் தோல் உரிந்து திரும்பி வருவார்.

எனக்கு எட்டு வயதானபோது, அடுத்து ஏறப் போகும் மலைக்காக இரண்டு புத்தகங்கள் வாங்கி வந்தார். ஒன்று பளபளவென்று, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். இன்னொன்று ஒல்லியாக, அழுது வடிந்தது. உள்ளே வெறும் கோட்டுப் படங்கள். நான் எதை எடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமா சிரித்தார்.

“போன வருஷம் நான் ஏறின மலையப் பத்தி ரெண்டுலயும் படிச்சிப் பாத்தேன் பாப்பா. இந்தக் கலர் புக்குக்காரன் அடிவாரத்துல டீ குடிச்சிக்கினே எழுதியிருக்கான். அவன் தண்ணி இருக்குதுன்ற எடத்துல ஒரு சொட்டு கெடையாது. இந்த ஒல்லி புக்குல இருக்கறது அத்தனையும் நெசம்.”

அன்றிலிருந்து ஒல்லிப் புத்தகம் அவர் தலைமாட்டிலேயே கிடந்தது.

அம்மாவுக்கு அந்தத் தடவை மனசே சரியில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் வெளியூர் கிளம்புகிறவனைப் பார்த்து “எங்கே போறே” என்று கேட்பதே ஆகாது. “போகாதே” என்று சொல்வதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. வாயைத் திறக்க முடியாமல் அம்மா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டினாள். “எல்லாம் அந்த ஒல்லி புக்கு பண்ற வேலை. அது மட்டும் இல்லன்னா இவன் எங்கயும் போவ மாட்டான்” என்று என்னிடம் புலம்பினாள். பெரியவர்களின் புலம்பலைப் பிள்ளைகள் உத்தரவாக எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள், விதைக்காக வைத்திருந்த மல்லாட்டை மூட்டைக்குள், வேர்க்கடலைகளுக்கு நடுவே, கையை முழங்கை வரை விட்டு அந்தப் புத்தகத்தைப் புதைத்தேன்.

மறுநாள் காலை மாமா வீட்டையே புரட்டிப் போட்டார். “பேஜாராப் போச்சே” என்று தலையைச் சொறிந்தார். என்னிடமும் கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். இனி பையை இறக்கி வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். ஆனால் விழுப்புரம் போய் டெல்லி ரயிலைப் பிடிக்க வேண்டும், நேரமாகிவிட்டது. கலர் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டு, “இது போதும். வர்றேன் அக்கா” என்றார். அம்மா “போய்ட்டு வா” என்றாள். அதற்கு மேல் எதையும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை.

பதினைந்து நாள் கழித்து, மாமாவோடு போன பாண்டிச்சேரி சிநேகிதர் மட்டும் வந்தார். விரல்களில் கட்டு. தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“ஏறிட்டோங்க. இறங்கும்போது மேகம் மூடிக்கிச்சி. அந்த புக்குல ஏறுற வழிதான் போட்டிருந்துச்சி, இறங்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் போயி வழி பாத்துக்கினு வர்றேன், நீ இங்கயே இருன்னு சொல்லிட்டுப் போனாருங்க.”

அவ்வளவுதான். தேடினார்களாம், உடம்புகூடக் கிடைக்கவில்லை. அம்மா அழவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒல்லிப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. இங்கிலீஷ் புரிகிற வயதில் பிரித்துப் பார்த்தேன். அந்த மலையில் ஏறுவதற்கு மூன்று பக்கம், இறங்குவதற்கு ஐந்து பக்கம். அதற்குப் பிறகு நான் நிம்மதியாக இருந்த நாள் என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. சிநேகிதர் போன பிறகு, அம்மாவைத் தேற்ற என்னிடம் ஒரே ஒரு நல்ல செய்தி இருந்தது. அவள் காதருகே போய்ச் சொன்னேன்.

“அந்த ஒல்லி புக்க நான்தாம்மா மல்லாட்டை மூட்டையில ஒளிச்சி வெச்சேன். அது இருந்திருந்தா மாமா இன்னும் ஒசரமாப் போயிருப்பாரு.”

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “யார்கிட்டயும் சொல்லாத. எப்பவுமே சொல்லாத” என்றாள். நல்ல காரியத்தை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்றுதான் பொத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் பெருமையோடு தலையாட்டினேன்.