சம்பந்தி கேட்ட வழி

ஏழெட்டு வருடங்களுக்கு முன், ஒரு மழைக்கால ஞாயிறு. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் அவள் ஆபீஸ்தான், இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். அவனுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். நாங்களும் கத்தோலிக்கர், அவர்களும் கத்தோலிக்கர் என்று நான் நிம்மதியாக இருந்தேன், பையனின் ஊர் எதுவென்று தெரியும் வரை.

கூடங்குளத்தை ஒட்டிய கடற்கரை ஊர். அணு உலை வேண்டாம் என்று போராட்டப் பந்தலில் உட்கார்ந்த பெண்களில் அவன் அம்மாவும் ஒருவர். என் கணவரோ, அணு உலை எரிபொருளை அடைத்து வைக்கும் உலோகக் குழாய் செய்கிற தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்து, அங்கேயே ரிட்டையர் ஆனவர். 'ரெண்டு வீட்டுக்கும் சம்மதம்னாதான் கல்யாணம்' என்று பிள்ளைகள் இருவரும் சொல்லிவிட்டார்கள்.

என் கணவர் தங்கமான மனுஷன். ஆனால் அணு என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "வாழைப்பழத்துலகூட கதிர்வீச்சு இருக்கு, அதுக்காக சாப்பிடாம இருக்கோமா?" என்பதுதான் அவருடைய பிரசங்கம். அந்தத் தொழிற்சாலைக்காரர்கள் பாதிப் பேருக்கு இந்த வியாதி உண்டு. சர்ச் வாசலில், அபார்ட்மெண்ட் மீட்டிங்கில், ஒருமுறை ஒரு துக்க வீட்டில்கூட இதைச் சொல்லியிருக்கிறார். அதனால் காலையிலேயே மகள் என்னிடம் வந்தாள். "மம்மி, இன்னைக்கு லெக்சர் நக்கோ, வேண்டவே வேண்டாம்னு டாடிகிட்ட சொல்லிடு, ப்ளீஸ்." சொன்னேன். அவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

அந்த அம்மா வந்தார். பள்ளிக்கூட டீச்சர், காட்டன் புடவை, கணீர்க் குரல். தட்டில் பூவும், ஊரிலிருந்து நசுங்காமல் ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மட்டி வாழைப்பழச் சீப்பும் வைத்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கி டீப்பாயில் வைத்தேன். மழையைப் பற்றி, ரயிலைப் பற்றி, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நான் வளர்ந்ததைப் பற்றிப் பேசினோம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இவர் கண் மட்டும் அந்தத் தட்டிலேயே இருந்தது. கடைசியில் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் எடுத்து, சிரித்துக்கொண்டே, "இதுலயும் கதிர்வீச்சு இருக்கு, தெரியுமாம்மா?" என்றார். பயத்தைப் போக்குகிறாராம்.

சுப காரியத்துக்குக் கொண்டுவந்த பழத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? பையன் தலையைக் குனிந்துகொண்டான். என் மகள் சமையலறை வாசலில் காபித் தட்டோடு அப்படியே நின்றாள். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "பொட்டாசியம்தானே அண்ணாச்சி? நானே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கேன்" என்றார். "எங்க ஊருக்கு விளக்கம் சொல்ல வந்தவுக அத்தனை பேரும் இந்தப் பழத்தைத்தான் காட்டுனாவ. நாங்க கேட்டது வேற. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, எங்க பிள்ளைகளை எந்த ரோட்டு வழியா கூட்டிட்டுப் போவீகன்னு கேட்டோம். அதுக்கு ஒருத்தரும் பதில் சொல்லல. நீங்களாவது சொல்லுங்க."

"அதுக்கெல்லாம் பிளான் இருக்கும்மா, எக்ஸ்பர்ட்ஸ் பார்த்து..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கையிலிருந்த பழத்தை மெல்லத் தட்டில் வைத்தார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார். "நான் குழாய் செஞ்ச ஆள். என் குழாயில ஒரு கீறல்கூட இருக்காது, அதை நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். அந்த ரோட்டை நான் பார்த்ததே இல்லை." பிறகு, "ஆனா உங்க ஊர்க்காரங்க எங்களை எல்லாம் கொலைகாரங்க மாதிரி பேசினப்ப எனக்கும் வலிச்சுது. இவ பிறந்தப்ப, குழந்தைக்குக் கை கால் சரியா இருக்கான்னு சொந்தக்காரங்களே கேட்டாங்க" என்றார்.

"பேசினோம். இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மா. பிறகு என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அண்ணாச்சி, மகன் உங்க வேலையைச் சொன்னதிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. ரெண்டு வார்த்தை நறுக்குனு கேட்டுட்டுத் திரும்பிடலாம்னுதான் வந்தேன். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற மனுஷன் வீட்டுல தைரியமா பொண்ணு எடுக்கலாம்." எனக்கு அழுகை வந்துவிட்டது. காபி ஆறிப்போயிருந்தது, அதையே குடித்தோம்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு அந்த ஊருக்குப் போனபோது, இவர் ஒரு பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு, ஊரை விட்டு வெளியே போகும் அந்தச் சாலை முழுக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரவுச் சாப்பாட்டில், "ரெண்டு பஸ் எதிரெதிரே வந்தாலே ஒதுங்க இடம் இல்லை" என்றார்.

அதற்காக இருவரும் ஒரே கட்சி ஆகிவிடவில்லை. நாட்டுக்கு அணு மின்சாரம் வேண்டும் என்பார் இவர், வேண்டவே வேண்டாம் என்பார் சம்பந்தியம்மா. தனியாரையும் இதில் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று போனில் இருவரும் போட்ட சண்டையில் என் பருப்பு அடிப்பிடித்தது. யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றும் முடிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பள்ளி லீவு விட்டால் எங்கள் பேத்தி அந்தக் கடற்கரையில்தான் ஓடி விளையாடுகிறாள். புது உலை, புதுத் திட்டம் என்று டிவியில் யார் பேசினாலும், "அதெல்லாம் சரி, ஜனங்களை எந்த வழியா கூட்டிட்டுப் போவீங்க?" என்று முதலில் கேட்பவர் இப்போது என் கணவர்தான்.