ரோஜர் நீட்டிய வாசெயில் கிண்ணம்

ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுதினால் கோணலாக வரும், நடுவில் மறதியும் உண்டு, படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளவும். இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன ஜனவரியில் ஒரு நாள் அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தால், பக்கத்து வீட்டு ரோஜர் இலை உதிர்ந்த ஆப்பிள் மரத்தில் வாட்டிய ரொட்டித் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவருக்கு இருதய ஆப்பரேஷன். இந்த நேரத்தில் மரத்துக்கு எதற்கு ரொட்டி என்று எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் அவர் மனைவி ஹெலன் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். மகள் மல்லிகா வேலைக்குப் போயிருந்தாள். தோட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் மரத்தைச் சுற்றி நின்று பாத்திரங்களைத் தட்டினார்கள். எங்கள் ஜவ்வாது மலையில் சாமை கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றியை விரட்ட இப்படித்தான் தகரம் தட்டுவோம். பன்றி எந்தப் பக்கம் வருகிறது என்று நான் வேலியோரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்களோ மரத்தின் வேரில் சைடர் என்கிற ஆப்பிள் கள்ளை ஊற்றினார்கள். பிறகு அதையே ஒரு பெரிய மரக் கிண்ணத்தில் எடுத்து, ஒவ்வொருவராக வாய் வைத்துக் குடித்து அடுத்தவரிடம் கொடுத்தார்கள். ரோஜர் என்னிடம் நீட்டி, "வாசெயில்" என்றார். ஒருவர் குடித்த பாத்திரம் என்றால் எங்கள் பக்கம் அண்ணாந்துதான் குடிப்போம். அந்தக் கனத்த கிண்ணத்தைத் தூக்க என் கை போதாது. வாய் வைக்கவும் மனம் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் தள்ளிவிட்டேன். ரோஜரின் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் மல்லிகா போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள்.

"வாசெயில்னா இப்போ, ஆப்பிள் நல்லா காய்க்கணும்னு ஜனவரியில மரத்துக்கு ரொட்டி கட்டி, சத்தம் போட்டு, குடிச்சி கொண்டாட்றதும்மா. ஆனா ஆதியில, வடக்கே கடல் தாண்டி வந்த சனங்க ஒருத்தர ஒருத்தர் பாத்தா சொல்ற வார்த்தையாம். 'நல்லா இரு'ன்னு அர்த்தம். அப்புறமாத்தான் கிண்ணத்த நீட்டிச் சொல்ல ஆரம்பிச்சாங்களாம். வாங்குறவங்க 'ட்ரிங்க் ஹெயில்'னு சொல்லிக் குடிக்கணும்."

"அப்போ நான் இன்னாடி பண்ணி வச்சேன்? ஆப்பரேஷனுக்குப் போற மனுசன்."

"அதெல்லாம் அவங்க நெனைக்க மாட்டாங்க. நீ சும்மா இரும்மா."

சும்மா இருக்க முடியவில்லை. ஜமுனாமரத்தூரைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில், புதுச் சாமை வந்ததும் வீட்டுக்கு வீடு கூழ் கொடுப்போம். ஒரு வருடம் பங்காளி வீட்டில் அதை வாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், என் மாமியார் அந்தக் கதவைத்தான் சொல்லிச் சொல்லி அழுதார். இங்கே கதவைச் சாத்தியது நான்.

ஆப்பரேஷனுக்கு முதல் நாள் ஒரு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு ரோஜர் வீட்டுக்குப் போனேன். "வாசெயில்" என்று டம்ளரை நீட்டினேன். ஹெலன் காலண்டரைக் காட்டி, அந்தக் கொண்டாட்டம் முடிந்துவிட்டது என்றார். நான் நகரவில்லை. ரோஜர் உள்ளே போய் மீந்த சைடரைக் கொண்டுவந்து ஊற்றி, "வாசெயில்" என்று மெதுவாகச் சொன்னார். "ட்ரிங்க் ஹெயில்" என்று சொல்லி அண்ணாந்து குடித்தேன். டம்ளரை வாங்கி அவரும் அதே போல அண்ணாந்தார். பாதி சட்டைக்குள் போனது.

"இன்னாங்க இது, பச்சப்புள்ள மாதிரி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என்ன புரிந்ததோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரோஜர் பிழைத்து வீடு வந்துவிட்டார். அது என்னால் என்று சொல்லவில்லை.

வாசெயிலின் கதை மல்லிகா சொல்லக் கேட்டது. பிழை இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். இன்னொன்று. புதுக் கூழை வாங்கும்போது எங்கள் ஊரிலும் பதிலுக்கு ஏதோ சொல்வோம். எவ்வளவு யோசித்தாலும் "ட்ரிங்க் ஹெயில்" என்றுதான் வாயில் வருகிறது. மலையில் இருப்பவர்கள் யாராவது விசாரித்து எழுதவும்.