மாத்திரை கிடைத்ததா?

தாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் தங்கராஜ் பண்டிகைப் பொதுமன்னிப்பில் வந்துவிடுவார் என்றே அவர் குடும்பம் அப்போது நம்பியது. அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அப்படித்தான் சொல்லியிருந்தார். மன்னரின் சொல்லே சட்டமான ஒரு நாட்டில் டிரைவராக இருந்த அவரை, விடுமுறை நாளில் நண்பரின் அறையில் கூடி ஜெபித்ததற்காகப் பிடித்துப் போயிருந்தார்கள். தாராவியில் அவருடைய சபையில் ஞாயிறுதோறும் ஜெபத்தில் அவர் பெயரைப் பிணியாளர்களோடு சேர்த்தே வாசித்தார்கள். சிறை என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

அந்நாட்டின் பண்டிகை வந்து போயிற்று, அவர் வரவில்லை. அதன்பின் அவர் மனைவி ஜெயராணி செம்பூரில் உள்ள எங்கள் சட்ட உதவி அலுவலகத்துக்கு வந்தார். அப்படி ஒரு கைதியே இல்லை என்று சிறை நிர்வாகம் நம் தூதரகத்துக்குப் பதில் அளித்திருந்தது.

தங்கராஜுக்கு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்டேன்.

"சுகர்தான். ரெண்டு வேளையும் மாத்திரை உண்டு. அத எதுக்கு மேடம் கேக்கிய?"

இந்தப் பணியில் நான் கற்ற முறை இதுதான். ஏன் கைது செய்தீர்கள் என்று கேட்டால் அரசாங்கத்திடம் பதில் தயாராக இருக்கும். உயிரோடு இருக்கும் ஒருவரைப் போய்ப் பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்க வேண்டும். மாத்திரை கிடைத்ததா என்று வாரந்தோறும் தூதரகத்தின் வழியே கேட்டோம். ஒருநாள், "கொடுக்கப்பட்டது" என்று பதில் வந்தது. இல்லாத கைதிக்கு எவரும் மாத்திரை கொடுப்பதில்லை. அதன்பின் அவர் வீட்டாரோடு பேச ஒரு தொலைபேசி அழைப்பையும் அவர்களால் மறுக்க முடியவில்லை.

அதற்குள் ஜெயராணியின் தம்பி சாமுவேல் ஒரு யோசனையோடு வந்தார். "அத்தான் பர்த்டே பார்ட்டிக்குப் போனாவ, பைபிள எடுத்தது அந்த ரூம்காரன்னு மனுவுல எழுதிருங்க மேடம். மேட்டர் கதம்."

ரூம்காரர் தெஸ்ஃபாய், எரித்திரியாக்காரர்; அவரும் அதே சிறையில்தான் இருந்தார். அவருக்காகக் கேட்க எந்தத் தூதரகமும் முன்வரவில்லை. சாமுவேல் சொன்னபடி எழுதினால் முழுக் குற்றமும் அவர் தலையில் விழும். தங்கராஜ் அழைத்தபோது ஜெயராணி இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஸ்பீக்கரில் வந்த குரல் நிதானமாக இருந்தது.

"ஜெபந்தான் பண்ணுனோம். அப்படியே எழுதச் சொல்லு. நான் லேட்டா வந்தாலும் பரவாயில்ல."

ஜெயராணி என் பக்கம் திரும்பி, "அவிய சொன்னபடியே எழுதுங்க மேடம்" என்றார். சாமுவேல் வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்படியே எழுதினேன். எவரையும் பழிக்காமல், எதையும் மறுக்காமல், ஓர் அறைக்குள் கூடி ஜெபித்தவர்கள் என்று. மாத்திரைக் கேள்வியையும் நிறுத்தவில்லை. வெளியிலிருந்து விடாமல் விசாரிக்கப்படும் ஒருவரைக் காவலில் வைத்திருப்பது சிரமம் என்பதை எந்தச் சிறையும் ஒருநாள் உணரும். இரண்டாவது பண்டிகைக்குப் பிறகு தங்கராஜைத் திருப்பி அனுப்பினார்கள்.

வந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் செய்தி, தெஸ்ஃபாயின் மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கக் காதுக்கம்பி உடைந்துவிட்டது என்பது. இப்போது வாரந்தோறும் சிறைக்கு நாங்களே நேரடியாக அனுப்பும் கேள்வி அதுதான்: கண்ணாடி சரிசெய்யப்பட்டதா?

தாராவிச் சபையில் இப்போது சிறைப்பட்டோருக்கென்று தனியே ஜெபிக்கிறார்கள். அதில் வாசிக்க ஒரே ஒரு பெயர் இருக்கிறது. ஜெயராணிதான் வாசிக்கிறார்.